கூரையில் தொங்கும் ரசிகர்கள்

திருவனந்தபுரத்தில் குடியேறிய நம் தமிழ்க் குடும்பங்களுக்குப் புரட்டாசி பிறந்துவிட்டால் இரண்டு கொலு உண்டு. ஒன்று வீட்டுக் கூடத்தில் படி கட்டி, பொம்மை அடுக்கி, சுண்டல் விநியோகத்தோடு நடப்பது. மற்றொன்று கோட்டைக்குள், பத்மநாபசுவாமி கோயிலை அடுத்த நவராத்திரி மண்டபத்தில் நடப்பது. அங்கே படிகளும் இல்லை, பொம்மைகளும் இல்லை. சரஸ்வதி தேவியின் சன்னிதியும், ஒன்பது மாலைகளில் ஒன்பது கச்சேரிகளும்தான் அந்தக் கொலு. முதல் கொலுவுக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பார்கள். இரண்டாவது கொலுவுக்கு அழைப்பே தேவையில்லை. நேரத்துக்குப் போய், வாய் பேசாமல் அமர்ந்தால் போதும்.

அடியேன் சங்கீதம் முறையாகப் பயின்றவன் அல்லன். சிவில் எஞ்சினியரிங் டிப்ளமா முடித்து, ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்புப் பிரிவில் சேர்ந்து, முப்பது ஆண்டுகளுக்கு மேல் ட்ராலியிலும் கால்நடையாகவும் தென் கேரளத்தின் இருப்புப்பாதையை அளந்தவன். ஆனால் ஒன்று சொல்வேன். எங்கள் தொழிலில் காது ஒரு கருவி. கீமேன் தினமும் சுத்தியலோடு பாதை நெடுக நடக்கும்போது, தட்டியதும் எழும் ஓசையிலேயே எது இறுக்கம், எது தளர்ச்சி என்று சொல்லிவிடுவார். நல்ல சக்கரத்தைத் தட்டினால் கோயில் மணி போல் நின்று ஒலிக்கும். விரிசல் விட்ட சக்கரமோ ஓட்டைப் பானை போல் 'டொக்' என்று நின்றுவிடும். பிற்காலத்தில் தண்டவாளத்துக்குள் மீயொலியைச் செலுத்தி, அது திரும்பி வரும் நேரத்தைக் கொண்டு விரிசலைக் கண்டுபிடிக்கும் கருவிகள் வந்தன. அடிப்படை ஒன்றுதான். ஓசையை அனுப்பு, அது என்னவாகித் திரும்புகிறது என்று கவனி. இந்தப் பழக்கத்தோடுதான் நான் நவராத்திரி மண்டபத்துக்குள் முதன்முதலில் போய் அமர்ந்தேன். பாட்டைக் கேட்கும் முன்பே அண்ணாந்து கூரையைப் பார்த்தேன்.

எல்லை கடந்து வரும் தேவி

மண்டபத்தின் கதை நம் குமரி மாவட்டத்தில் தொடங்குகிறது. திருவிதாங்கூரின் பழைய தலைநகர் பத்மநாபபுரம். தக்கலைக்குப் பக்கத்தில் இன்றும் அந்த அரண்மனையைக் காணலாம். அதற்குள்ளும் ஒரு நவராத்திரி மண்டபம் உண்டு. முழுவதும் கல்லால் ஆனது. முகம் பார்க்கலாம் போல வழவழப்பான கரிய தரை. அதை அடுத்துச் சரஸ்வதி தேவியின் கோயில். இந்தச் சரஸ்வதி கவிச்சக்கரவர்த்தி கம்பர் பூஜித்த விக்கிரகம் என்றும், அவருக்குப் பின் சேர மன்னர் கைக்கு வந்தது என்றும் செவிவழி மரபு. சரித்திர ஆராய்ச்சி எப்படியிருந்தாலும், தமிழ்க் குடும்பம் ஒன்றுக்கு இந்தக் கதையைக் கேட்டதும் நெஞ்சு நிமிர்வது இயற்கைதானே!

1795-ஆம் ஆண்டில் தலைநகர் திருவனந்தபுரத்துக்கு மாறியது. தலைநகர் மாறினால் நவராத்திரி பூஜையும் மாற வேண்டும் அல்லவா? அன்று முதல் தேவி ஆண்டுதோறும் இங்கே எழுந்தருளுகிறாள். பத்மநாபபுரம் சரஸ்வதி யானை மீது வருகிறாள். வேளிமலை குமாரசாமியும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் உடன் வருகிறார்கள். குழித்துறையில் ஓர் இரவு, நெய்யாற்றின்கரையில் ஓர் இரவு தங்கி, மூன்றாம் நாள் இந்த ஊர் வந்து சேர்கிறார்கள். குமாரசாமிக்கு ஆரியசாலையிலும், நங்கைக்குச் செந்திட்டையிலும் தங்கல். சரஸ்வதிக்கு நவராத்திரி மண்டபம்.

1956 நவம்பர் 1-ஆம் தேதி மொழிவாரி மாநிலங்கள் பிறந்தபோது பத்மநாபபுரம் தமிழ்நாட்டுக்கும், திருவனந்தபுரம் கேரளத்துக்கும் போயின. ஆனால் தேவியின் பயணம் நிற்கவில்லை. களியக்காவிளையில் இரு மாநிலத்தாரும் கூடி நின்று அவளை வழியனுப்பி வரவேற்கிறார்கள். எல்லைக்கு இந்தப் பக்கம் வந்து பிழைக்கும் நமக்கு, ஆண்டுக்கு ஒருமுறை இதே வழியில் வந்து, பத்து நாள் தங்கி, ஊர் திரும்பும் ஒரு தெய்வத்தின் மேல் தனிப் பிரியம் ஏற்படுவதில் வியப்பில்லை. நாமும் விடுமுறைக்குப் போய் வருகிறவர்கள்தானே!

ஒன்பது நாள், ஒன்பது ராகம்

இந்தப் பூஜைக்குச் சங்கீத வடிவம் தந்தவர் மகாராஜா சுவாதித் திருநாள். 1813-இல் பிறந்து, 1829 முதல் 1846 வரை ஆண்டு, முப்பத்து மூன்று வயதிலேயே மறைந்தவர். நவராத்திரிக்கென்றே அவர் ஒன்பது சமஸ்கிருதக் கீர்த்தனைகள் இயற்றினார். முதல் நாள் சங்கராபரணம், இரண்டாம் நாள் கல்யாணி, பிறகு சாவேரி, தோடி, பைரவி, பந்துவராளி, சுத்த சாவேரி, நாட்டக்குறிஞ்சி, ஒன்பதாம் நாள் ஆரபி. இந்த வரிசை மாறுவதில்லை. எந்த வித்வான் வந்தாலும் அன்றைக்குரிய ராகத்தை ஆலாபனை செய்து, தானம் பாடி, அன்றைக்குரிய கீர்த்தனையை விஸ்தாரமாகப் பாட வேண்டும். ரயில்வே கால அட்டவணை போல இதில் ஓர் ஒழுங்கு இருப்பதால் எனக்கு இன்னும் பிடித்துப்போயிற்று. மாலை சரியாக 6 மணிக்குத் தொடக்கம், 8.30 மணிக்கு நிறைவு. எங்கள் வண்டிகள்கூட அவ்வளவு சரியாக ஓடியதில்லை!

மண்டபத்தில் சில விதிகள் உண்டு. கைதட்டக் கூடாது. பாடகர் பாடுவது சபைக்கு அல்ல, சரஸ்வதிக்கு. ஆண் கலைஞர்கள் சட்டையின்றி வேட்டியோடு அமர்கிறார்கள். கச்சேரிக்கு முன் முல்லமூடு பாகவதர்கள் தோடய மங்களம் பாடுவார்கள். பெங்களூரிலிருந்து வந்திருந்த என் பேத்தி முதல் நாள் கச்சேரியில் என் காதருகே, "தாத்தா, இவ்வளவு நல்லாப் பாடறாரே, ஏன் யாருமே கை தட்டல?" என்று கேட்டாள். "சாமி முன்னாடி கற்பூரம் காட்டும்போது கை தட்டுவோமாம்மா? கும்பிடத்தானே செய்வோம்?" என்றேன். அடுத்த பாட்டு முடிந்ததும் பார்க்கிறேன், குழந்தை கைகூப்பி அமர்ந்திருக்கிறாள்.

கைதட்டல் இல்லாததால் காதுக்குக் கிடைக்கும் லாபம் ஒன்று உண்டு. பாட்டு முடிந்த பின் அதன் கடைசி ஸ்வரம் மண்டபத்தில் எப்படி அடங்குகிறது என்பதைக் கேட்க முடிகிறது. மற்றச் சபைகளில் அந்தக் கடைசி ஒரு வினாடியைக் கைதட்டல் விழுங்கிவிடும். ஒரு கூடம் நல்ல கூடமா இல்லையா என்பது அந்த ஒரு வினாடியில்தான் தெரியும். இதற்குக் காரணம் சொல்கிறேன்.

பானைக்கும் பாட்டுக்கும் என்ன சம்பந்தம்?

மண்டபத்தின் கூரையில் மண்பானைகள் கவிழ்த்துத் தொங்கவிடப்பட்டிருக்கின்றன. வரிசையாகத் தொங்கும் அவற்றைக் கண்டு புதிதாக வருபவர்கள் ஏதோ வேண்டுதல் என்று நினைத்துக்கொள்வார்கள். அவை ஒலிக்காக அமைக்கப்பட்டவை.

பானைக்குள் ஓசை உண்டென்பது நமக்குப் புதிதல்ல. தண்ணீர்க் குடம் நிரம்ப நிரம்ப ஓசை மாறுவதைக் கேட்டு, அடுப்படியில் இருந்தபடியே, "குடம் ரொம்பிடுச்சு, குழாயை மூடு" என்று சொல்லும் அம்மாக்கள் நமக்கு இருந்தார்கள். மானாமதுரைக் கடத்தை வித்வான் வயிற்றோடு அணைத்து, வாயை மூடியும் திறந்தும் வாசிக்கும்போது 'கும்கும்' என்று எழும் நாதமும் அதே பானைக்குள் இருக்கும் காற்றின் வேலைதான். பானைக்குள் அடைபட்ட காற்று ஒரு வில்சுருள். கழுத்தில் நிற்கும் காற்று அதன் மேல் வைத்த ஒரு பளு. வெளியிலிருந்து ஓசை வந்து மோதும்போது இந்தப் பளு மேலும் கீழும் ஆடும். ரயில் பெட்டி தன் வில்சுருள் மீது ஆடுவதுபோலத்தான். ஒவ்வொரு பானைக்கும் தனக்கென்று ஒரு ஸ்ருதி உண்டு. வரும் ஓசை அந்த ஸ்ருதியோடு ஒத்துப்போனால் பானை அதிகமாக ஆடும். 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் இதை ஆராய்ந்ததால், உலகெங்கும் இதற்கு அவர் பெயர்தான்.

ஓய்வுபெற்ற எஞ்சினியருக்குக் கணக்குப் போடாமல் தூக்கம் வராது. வீட்டில் உள்ள ஒரு பானையை உதாரணத்துக்கு எடுத்துக்கொண்டேன். கொள்ளளவு 20 லிட்டர், வாய் விட்டம் 16 சென்டிமீட்டர், கழுத்து 4 சென்டிமீட்டர். கணக்குப்படி அதன் ஸ்ருதி வினாடிக்குச் சுமார் 135 அதிர்வு. ஒரு கட்டை ஸ்ருதியில் பாடும் ஆண் பாடகரின் ஆதார ஷட்ஜம் வினாடிக்கு 131 அதிர்வு. பார்த்தீர்களா? சாதாரண மண்பானை ஒன்று, பாடகரின் ஷட்ஜத்துக்கு அருகிலேயே வந்து நிற்கிறது. சிறிய பானை இன்னும் மேலே போகும். பெரியது கீழே இறங்கும்.

அந்த ஸ்ருதியில் ஒரு பானை என்ன செய்கிறது? எதிரொலியாகச் சுற்றித் திரியும் ஓசையில் ஒரு பங்கை உள்ளே வாங்கிக்கொண்டு அடக்குகிறது. நன்றாக வேலை செய்யும் ஒரு பானை, தன் ஸ்ருதியில், அரை சதுர மீட்டர் திறந்த சன்னலுக்குச் சமம் என்று கணக்கு வருகிறது. இன்னொரு கணக்கும் இருக்கிறது. உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதர், உடம்பும் துணியுமாக, ஏறத்தாழ அதே அரை சதுர மீட்டர் அளவுக்கு ஓசையை வாங்கிக்கொள்கிறார். அதாவது ஒரு பானை ஒரு ரசிகருக்குச் சமம்! கூரையில் பானை தொங்கவிட்டவர்கள் மேலேயும் ஒரு சபையை உட்கார வைத்திருக்கிறார்கள். கைதட்டாத, இருமாத, நடுவில் எழுந்து போகாத ரசிகர்கள்.

ஆனால் பானை தன் ஸ்ருதிக்கு மட்டுமே செவி கொடுக்கும். மனிதர் எல்லா ஸ்ருதிக்கும் செவி கொடுப்பார். ஆகவே பானைகள் மட்டுமே மண்டபத்தின் ரகசியம் என்று சொல்லிவிட முடியாது. பானையின் வளைந்த வெளிப்புறத்துக்கும் பங்கு உண்டு. தட்டையான கூரையில் மோதும் ஓசை கண்ணாடியில் பட்ட வெளிச்சம் போல் ஒரே திசையில் திரும்பும். உருண்டையான பரப்பில் மோதினால் நாலாபுறமும் சிதறும். வினாடிக்கு 1000 அதிர்வுக்கு மேற்பட்ட ஓசைகளின் அலைநீளம் ஓரடி அளவுக்கும் குறைவு. பானையின் பருமனும் ஏறக்குறைய அதுதான். ஆகவே மெல்லிய சங்கதிகளும், சாகித்தியத்தின் வல்லெழுத்துகளும் ஒரே மூலையில் போய்க் குவியாமல் மண்டபமெங்கும் பரவும்.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய சிந்தனை அல்ல. கிறிஸ்து பிறப்பதற்கு முந்திய நூற்றாண்டில் வாழ்ந்த ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ், நாடக அரங்குகளில் வெண்கலப் பாத்திரங்கள் வைக்கும் முறையைத் தம் நூலில் எழுதி வைத்தார். ஐரோப்பாவின் பழைய தேவாலயங்கள் சிலவற்றில் சுவருக்குள் மண்பானை பதித்திருக்கிறார்கள். கடல் கடந்து, ஒருவரை ஒருவர் அறியாமலேயே, குயவரின் சக்கரத்தில் பிறந்த ஒரு பொருளைப் பாட்டுக்குத் துணையாகக் கொண்டிருக்கிறார்கள்.

ஒரு கூடத்தின் நாடி

கூடங்களின் ஒலியைக் கணக்கில் கொண்டுவந்தவர் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இருந்த வாலஸ் சபீன். 1895-இல் அங்கே புதிதாகக் கட்டிய ஒரு விரிவுரைக் கூடத்தில் பேராசிரியர் பேசுவது யாருக்கும் புரியவில்லை. சொன்ன சொல் ஐந்து வினாடிக்கு மேல் சுழன்றுகொண்டே இருந்தால் எப்படிப் புரியும்? சபீன் இரவு வேளைகளில், பக்கத்து அரங்கிலிருந்து மெத்தைகளைச் சுமந்து வந்து பரப்பி, ஒரு ஆர்கன் குழாயை ஊதி, ஓசை அடங்கும் நேரத்தைக் கடிகாரத்தால் அளந்தார். கூடத்தின் கன அளவு கூடினால் ஓசை அடங்கும் நேரம் கூடும். மெத்தை, திரை, மனிதர்கள் கூடினால் அது குறையும் என்ற விதி அப்படிப் பிறந்தது. அந்தக் கணக்கைக் கொண்டு கட்டிய பாஸ்டன் சிம்பனி ஹால் 1900-இல் திறக்கப்பட்டது. இன்றும் உலகின் தலைசிறந்த அரங்குகளில் ஒன்றாக அதைச் சொல்கிறார்கள்.

விதியை நம் ஊர் அளவில் பார்ப்போம். நீளம் 15 மீட்டர், அகலம் 8 மீட்டர், உயரம் 5 மீட்டர் உள்ள ஒரு சிறிய கல்யாண மண்டபம். கன அளவு 600 கன மீட்டர். மொசைக் தரை, பூசிய சுவர். இவை எல்லாம் சேர்ந்து 40 சதுர மீட்டர் திறந்த சன்னலுக்குச் சமம் என்று வைத்துக்கொள்வோம். கன அளவை 0.16-ஆல் பெருக்கி 40-ஆல் வகுத்தால் 2.4 வினாடி. காலி மண்டபத்தில் ஒரு சொல் அடங்க அவ்வளவு நேரம். அதே மண்டபத்தில் நூறு பேர் அமர்ந்தால் 50 கூடி 90 ஆகிறது. அப்போது 1.07 வினாடி. நூறு பேர் வந்து உட்கார்ந்ததாலேயே கூடத்தின் குணம் பாதிக்கு மேல் மாறிவிட்டது!

மேல்நாட்டு வாத்திய கோஷ்டிக்கு ஏறக்குறைய இரண்டு வினாடி வேண்டும். அவர்கள் சங்கீதத்தில் ஸ்வரங்கள் ஒன்றோடொன்று குழைந்து அடுக்கடுக்காய் எழ வேண்டும். பேச்சுக்கு ஒரு வினாடிக்குள் அடங்க வேண்டும். நம் கர்நாடக சங்கீதமோ இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. தம்புராவுக்கும் ஆலாபனைக்கும் கொஞ்சம் நின்று ஒலிக்கும் கூடம் வேண்டும். சாகித்தியத்துக்கும் மிருதங்கச் சொல்லுக்கும் ஒலி சீக்கிரம் அடங்க வேண்டும். ஒரு வினாடியை ஒட்டி அமைந்தால் இரண்டுக்கும் நியாயம் செய்யலாம் என்பது என் அனுபவம். நவராத்திரி மண்டபத்தில் ஆரபியின் விரைந்த ஸ்வரங்களும் தனித்தனியாகக் கேட்கின்றன. பைரவியின் கார்வையும் வறண்டு போவதில்லை.

அளவும் ஒரு காரணம். ஓசை வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். சுவரில் பட்டுத் திரும்பும் ஓசை, நேரே வந்த ஓசைக்கு வினாடியில் இருபதில் ஒரு பங்குக்குள் வந்து சேர்ந்தால் நம் காது இரண்டையும் ஒன்றாகவே கொண்டு, குரல் பலப்பட்டதாக உணரும். அதற்கு வழித்தூர வித்தியாசம் 17 மீட்டருக்குள் இருக்க வேண்டும். சிறிய மண்டபத்தில் இது தானாக அமையும். 35 மீட்டர் நீளமுள்ள பெரிய கூடத்தின் பின்சுவரில் பட்டு ஓசை மேடைக்குத் திரும்புவதற்கு ஐந்தில் ஒரு வினாடி ஆகும். பாடுபவருக்குத் தன் குரலே தனக்குப் பின்பாட்டுப் பாடுவதுபோல் இருக்கும். தாளம் தடுமாறாமல் என்ன செய்யும்?

இக்காலத்தில் இவற்றையெல்லாம் கணக்கிட்டுக் கட்டிய அரங்குகள் உண்டு. 1980-இல் மும்பையில் திறந்த டாடா தியேட்டர், ஒலிபெருக்கி இல்லாமலே நம் சங்கீதத்தைக் கேட்க வேண்டும் என்ற நோக்கோடு ஒலியியல் நிபுணர் சிரில் ஹாரிஸ் துணையோடு அமைந்தது. சிங்கப்பூரில் 2002-இல் திறந்த எஸ்பிளனேட் கச்சேரி அரங்கில், நிகழ்ச்சிக்குத் தக்கபடி ஓசையைக் கூட்டவும் குறைக்கவும் மேலே ஏறி இறங்கும் விதானமும், திறந்து மூடும் எதிரொலி அறைகளும் உள்ளன. நம் மண்டபத்தில் விதானம் ஏறி இறங்காது. அதற்கு ஒரே ஒரு சங்கீதம், ஒரே ஒரு திசை, ஒரே ஒரு ரசிகை. அந்த ஒன்றுக்காக அமைத்ததால் அது நிறைவாக அமைந்துவிட்டது.

தமிழ் நாட்டுக் காணிக்கை

இந்த ஊர்ச் சங்கீதத்தில் நம்மவர் பங்கு சிறிதல்ல. தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு சுவாதித் திருநாளின் சபையை அலங்கரித்தார். 1834-இல் மகாராஜா அவருக்குத் தந்தத்தால் ஆன வயலினைப் பரிசளித்தார். நீலகண்ட சிவன் இந்த ஊரில் தமிழில் பாடினார். சிறுவனாக இங்கே வந்து சேர்ந்த பாபநாசம் சிவன் அவரது பஜனையில் பாடி வளர்ந்தார். 1939-இல் சித்திரைத் திருநாள் மகாராஜா தொடங்கிய சங்கீத அகாடமிக்கு முதல் தலைவர் ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர். அவருக்குப் பின் செம்மங்குடி சீனிவாச ஐயர் 1963 வரை பொறுப்பில் இருந்து, மறைந்துகொண்டிருந்த சுவாதித் திருநாள் கீர்த்தனைகளை ஸ்வரப்படுத்தி உலகுக்குத் தந்தார்.

இவ்வளவு பெருமைக்குரிய மண்டபத்தில் ஒரு குறையும் நெடுங்காலம் இருந்தது. சரஸ்வதியின் சன்னிதியில் பாடப் பெண்களுக்கு இடமில்லை. பாட்டின் தெய்வமே பெண்ணாக இருக்க, அவள் முன் பெண் பாடக் கூடாது என்ற வழக்கத்தை என் மனைவி ஆண்டுதோறும் கேள்வி கேட்பாள். என்னிடம் விடை இருந்ததில்லை. 2006 நவராத்திரியில் அந்தக் கதவு திறந்தது. அன்று பாடியவர் பாறசாலை பொன்னம்மாள். 1924-இல் பிறந்தவர். சங்கீத அகாடமி தொடங்கியபோது அதில் சேர்ந்த முதல் மாணவி. அதே கல்லூரியில் ஆசிரியையாகி, திருப்பூணித்துறை ஆர்.எல்.வி. கல்லூரியின் முதல் பெண் முதல்வராகவும் இருந்தவர். எண்பதைத் தாண்டிய வயதில், சொந்த ஊரின் மண்டபத்தில், முதன்முறையாக அமர்ந்து பாடினார். 2017-இல் பத்மஸ்ரீ பெற்றார், 2021-இல் மறைந்தார்.

பானைக்கும் சுவருக்கும் ஆண் குரல், பெண் குரல் என்ற பேதம் கிடையாது. நாலரை, ஐந்து கட்டையில் எழும் குரலையும் அந்த மண்டபம் அதே பரிவோடு ஏந்திக்கொண்டது. கட்டடம் எப்போதும் தயாராகவே இருந்தது. மனிதர்களுக்குத்தான் காலம் தேவைப்பட்டது.

நம் குழந்தைகள், நம் பெரியவர்கள்

இதையெல்லாம் இவ்வளவு விரிவாக எழுதுவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன் நம்மவர் விழா ஒன்று வாடகைக் கூடம் ஒன்றில் நடந்தது. பெரிய கூடம், பளிங்குத் தரை, தகரக் கூரை, நாலு மூலையிலும் ஆள் உயர ஒலிபெருக்கி. பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி முதன்முதலாக மேடையேறினாள். ஆறு மாதம் பயிற்சி செய்த சாவேரி. அவள் பாடியது ஒன்று, எங்கள் காதில் விழுந்தது வேறொன்று. ஒலிபெருக்கிக்காரர் சத்தம் போதவில்லை என்று இன்னும் கூட்டினார். குழந்தைக்குத் தன் ஸ்ருதியே கேட்கவில்லை. நடுவில் நிறுத்திவிட்டுக் கண்ணீரோடு இறங்கினாள். அவள் அம்மா என்னிடம், "வீட்ல நல்லாத்தான் பாடினா மாமா, என்னாச்சுன்னே தெரியல" என்றார். தவறு குழந்தையிடம் இல்லை. அந்தக் கூடத்தின் எதிரொலியில்தான் இருந்தது. அடுத்த நவராத்திரிக்கு ஒரு வீட்டுக் கொலு முன், ஜமக்காளம் விரித்த கூடத்தில், மைக் இல்லாமல் அதே சாவேரியைப் பாட வைத்தோம். இருபது பேர் வாய் திறவாமல் கேட்டோம். இன்று அவள் கல்லூரியில் படிக்கிறாள், பாட்டையும் விடவில்லை. எல்லாக் குழந்தைகளுக்கும் இரண்டாவது வாய்ப்பு அமையுமா?

இரண்டாவது காரணம் என் காது. பாதையில் ஜல்லி இறுக்கும் இயந்திரத்தின் அருகிலும், தண்டவாளம் அறுக்கும் சக்கரத்தின் அருகிலும் கழிந்த ஆண்டுகள் கணக்குக் கேட்க வந்திருக்கின்றன. டாக்டர் எடுத்த படத்தில் வினாடிக்கு 4000 அதிர்வு உள்ள இடத்தில் கோடு பள்ளத்தில் இறங்குகிறது. இரைச்சலில் வேலை செய்தவர்களுக்கு முதலில் போவது அந்த இடம்தான். ச, த, க போன்ற எழுத்துகளின் கூர்மை இருப்பதும் அந்த மேல்பகுதியில்தான். சத்தம் கேட்கும், சொல் புரியாது. எதிரொலி மிகுந்த கூடத்தில் நிலைமை இன்னும் மோசம். சத்தத்தைக் கூட்டினால் எதிரொலியும் கூடவே கூடும். "காது கேட்காதவர்" என்று வீட்டில் விட்டுவிட்டுப் போகப்படும் பெரியவர்கள் பலருக்கு, சத்தம் குறைந்த, சொல் தெளிந்த ஒரு சிறு கூடம் கிடைத்தால் பாட்டு திரும்பக் கிடைக்கும். நவராத்திரி மண்டபத்தில் முன்பக்கம் இடம் கிடைக்கும் நாட்களில் நான் காதுக் கருவியைச் சட்டைப் பையிலேயே விட்டுவிட்டுக் கேட்கிறேன். இன்னும் எத்தனை புரட்டாசி அப்படிக் கேட்பேனோ தெரியாது. கேட்கிற வரை நல்ல இடத்தில் கேட்க வேண்டும் என்பது ஆசை.

செலவில்லாத சில யோசனைகள்

விழாவுக்குக் கூடம் பார்க்கப் போகும் அன்பர்களுக்கு ஒரு பழைய எஞ்சினியரின் யோசனைகள். காலிக் கூடத்தின் நடுவில் நின்று ஒரு முறை பலமாகக் கைதட்டுங்கள். ஓசை நின்று அடங்கும் வரை "ஒன்று, இரண்டு" என்று நிதானமாக எண்ணுங்கள். இரண்டைத் தாண்டினால் அந்தக் கூடம் சாப்பாட்டுப் பந்திக்கு ஆகும், பாட்டுக்கு ஆகாது. வேறு வழியில்லை என்றால் ஜமக்காளம் விரியுங்கள். மேடைக்கு எதிரே உள்ள பின்சுவரில் கனத்த திரை தொங்கவிடுங்கள். நூறு பேருக்கு ஐந்நூறு பேர் அமரும் கூடம் எடுக்காதீர்கள். ஒலிபெருக்கி வைத்தால் கூட்டத்தை நோக்கிச் சற்றே கீழ்நோக்கி வையுங்கள். சுவரை நோக்கி வேண்டாம். சத்தத்தைக் கூட்டுமுன், இரைகிற மின்விசிறியை நிறுத்திப் பாருங்கள். முன்வரிசையைப் பிரமுகர்களுக்கு ஒதுக்குவதற்குப் பதிலாகக் காது மந்தமான பெரியவர்களுக்கும், பாட்டுக் கற்கும் குழந்தைகளுக்கும் ஒதுக்குங்கள். பிரமுகர்கள் எப்படியும் பாதியில் எழுந்து போய்விடுவார்கள்!

இவை எல்லாவற்றுக்கும் மேலானது மௌனம். அதற்குக் காசு வேண்டாம், நிபுணர் வேண்டாம். இரண்டரை மணி நேரம் பேசாமல், செல்போனைத் தொடாமல் அமர்ந்திருக்கும் சபையைவிட நல்ல ஒலியமைப்பு எந்த அரங்கிலும் இல்லை. குழந்தைகளுக்கு இதைப் பாடமாகச் சொல்லிக் கொடுக்க முடியாது. அழைத்துப் போய் உட்கார வைத்தால் தானாக வரும்.

ஆகவே அன்பர்களே, வரும் நவராத்திரியில் ஒரு மாலையாவது உங்கள் வீட்டுக் கொலுவுக்குச் சற்று ஓய்வு கொடுத்துவிட்டு, குழந்தைகளையும் பாட்டி தாத்தாக்களையும் அழைத்துக்கொண்டு கோட்டைக்குள் வாருங்கள். தம்பானூர் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே வந்துவிடலாம். ஐந்தரை மணிக்குள் வந்தால் நல்ல இடம் கிடைக்கும். ஆண்கள் வேட்டி, பெண்கள் சேலை. சுண்டலைக் கச்சேரி முடிந்தபின் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம்.